போர்த்துகீசியத்தைப் பல்கலைக்கழகத்தில் படிப்பது: சென்னை மாணவர் தெரிந்துகொள்ள வேண்டியவை

பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் கல்லூரி விளம்பரங்களோடு வெளிநாட்டு மொழி விளம்பரங்களும் சேர்ந்தே வருகின்றன. பிரெஞ்சும் ஜெர்மனும் சென்னைக்குப் பழக்கமானவை. நுங்கம்பாக்கம் பக்கம் போனால் இரண்டுக்கும் பெயர்பெற்ற நிலையங்கள் இருக்கின்றன, படித்தவர்களும் அக்கம்பக்கத்தில் இருப்பார்கள். போர்த்துகீசியம் அப்படியில்லை. "பிரேசில் கம்பெனியில் வேலை", "போர்ச்சுகலில் குறைந்த செலவில் பட்டம்" என்று கேள்விப்படும் பெற்றோருக்கு, விசாரிக்கத் தெரிந்த முகமே கிடைப்பதில்லை. அதனால் வெவ்வேறு சங்கதிகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்வோம்.

ஒரே பெயரில் நான்கு படிப்புகள்

"போர்த்துகீசியம் படிக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், அது கீழ்க்கண்டவற்றில் எதுவாகவும் இருக்கலாம்.

1. சான்றிதழ், டிப்ளமோ படிப்பு. வேறொரு பட்டம் படித்துக்கொண்டே பகுதிநேரமாக மொழியைக் கற்பது. இதன் முடிவில் மொழி கொஞ்சம் வரும். ஆனால் இது பட்டம் ஆகாது.

2. தரத் தேர்வு. இது படிப்பே அல்ல. எங்கே, எப்படிக் கற்றிருந்தாலும் சரி, உங்கள் மொழித்திறன் எந்த அளவில் இருக்கிறது என்று அளந்து சொல்லும் தேர்வு.

3. மொழியையே பாடமாகக் கொண்ட பட்டம். இலக்கணம், ஒலியியல், இலக்கியம், வரலாறு, மொழிபெயர்ப்பு எல்லாம் இதில் அடங்கும். பல்கலைக்கழகத்தில் போர்த்துகீசியம் படிப்பது என்பதன் நேரான பொருள் இதுதான்.

4. அந்த மொழி வழியாக வேறு பாடம் படிப்பது. போர்ச்சுகலிலோ பிரேசிலிலோ பொறியியல், கட்டடக்கலை, சட்டம் என்று எதையாவது படிப்பது. இங்கே மொழி கருவி மட்டுமே.

பணமும் காலமும் வீணாவது பெரும்பாலும் ஒன்றாவதை மூன்றாவது என்று நம்பிச் சேர்வதாலும், நான்காவதற்கு இரண்டாவது தேவை என்பது தெரியாமல் போவதாலும்தான். இளநிலைப் படிப்புகள் அந்த நாடுகளில் பெரும்பாலும் போர்த்துகீசிய வழியில்தான் நடக்கின்றன. ஆங்கில வழி வகுப்புகள் போர்ச்சுகலில் முதுநிலையில் ஓரளவு கிடைக்கும், பிரேசிலில் அதைவிடக் குறைவு. "கட்டணம் குறைவு" என்ற தகவல் உண்மையாகவே இருந்தாலும், அந்தக் கதவுக்குச் சாவி மொழிதான்.

அந்தச் 'சாவி'யே போர்த்துகீசியச் சொல்தான். இந்தச் சொல்லுக்குக் கட்டுரையின் கடைசியில் திரும்ப வருவோம்.

யாருடைய மொழி இது?

போர்ச்சுகலின் மக்கள்தொகை சுமார் 1 கோடி. பிரேசிலில் 2022 கணக்கெடுப்பின்படி 20 கோடிக்கு மேல். அதாவது மொழி பிறந்த நாட்டை விட, மொழி போய்ச் சேர்ந்த நாடு இருபது மடங்கு பெரியது. இவை தவிர அங்கோலா, மொசாம்பிக், கினி பிசாவ், கேப் வெர்டே, சாவ் தோமே பிரின்சிப்பே, கிழக்குத் திமோர் ஆகிய நாடுகளிலும் இது ஆட்சிமொழி. சீனாவின் மக்காவ் பகுதியில் சீனத்தோடு சேர்ந்து ஆட்சிமொழித் தகுதி இருக்கிறது. கிழக்குத் திமோர் தவிர்த்த மற்ற நாடுகள் சேர்ந்து 1996-இல் ஒரு கூட்டமைப்பை உருவாக்கின. கிழக்குத் திமோர் 2002-இல் அதில் சேர்ந்தது. மே 5-ஐ உலகப் போர்த்துகீசிய மொழி நாளாக யுனெஸ்கோ 2019-இல் அறிவித்தது.

ஆப்பிரிக்க நாடுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மொசாம்பிக்கில் போர்த்துகீசியத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சிறுபான்மையினர்தான். அலுவலகத்தில், பள்ளியில், நீதிமன்றத்தில் போர்த்துகீசியம். வீட்டில் வேறு மொழி. நம் ஊரில் ஆங்கிலம் இருக்கும் இடத்தை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்.

ஐரோப்பிய வழக்கா, பிரேசில் வழக்கா?

சேரும் முன்பே முடிவு செய்ய வேண்டிய கேள்வி இது. பெரும்பாலானவர்கள் சேர்ந்து ஆறு மாதம் கழித்துத்தான் இப்படி ஒரு கேள்வி இருப்பதையே உணர்கிறார்கள்.

எழுத்தில் இரண்டும் நெருக்கம். 1990-இல் கையெழுத்தான எழுத்துச் சீர்திருத்த ஒப்பந்தம் அந்த நெருக்கத்தை இன்னும் கூட்டியது. அது பிரேசிலில் 2016 முதல் கட்டாயம். பேச்சில் நிலைமை வேறு. லிஸ்பன்காரர்கள் அழுத்தம் விழாத உயிரொலிகளை விழுங்கிவிடுவார்கள். 'தெலெஃபோன்' என்பது அவர்கள் வாயில் 'த்ல்ஃபோன்' போல வரும். பிரேசிலில் உயிரொலிகள் விரிந்து தெளிவாகக் கேட்கும். ஆனால் அங்கே 'தி' என்ற ஒலி பல ஊர்களில் 'ஜி' ஆகிவிடும். காலை வணக்கத்துக்கு லிஸ்பனில் 'போம் தியா', ரியோவில் 'போம் ஜியா'.

சொற்களும் மாறும். பேருந்து போர்ச்சுகலில் 'அவுத்தோகாரு', பிரேசிலில் 'ஓனிபுஸ்'. ரயில் போர்ச்சுகலில் 'கொம்போயு', பிரேசிலில் 'த்ரேம்'. மாணவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய சொல் 'ப்ரொப்பீனா'. போர்ச்சுகலில் பல்கலைக்கழகக் கட்டணத்துக்கு இதுதான் அலுவல்பூர்வமான பெயர். விண்ணப்பப் படிவத்திலும் கட்டண ரசீதிலும் இதையே பார்ப்பீர்கள். பிரேசிலில் இதே சொல்லுக்கு லஞ்சம் என்று பொருள்.

இலக்கணத்திலும் சிறு வேறுபாடுகள் உண்டு. 'செய்துகொண்டிருக்கிறேன்' என்பதைப் போர்ச்சுகலில் ஒரு மாதிரியும் பிரேசிலில் வேறு மாதிரியும் அமைப்பார்கள். எதிரில் இருப்பவரை அழைக்க பிரேசிலின் பெரும்பகுதியில் 'வொசே' என்பதே நடைமுறை. போர்ச்சுகலில் நண்பரிடம் 'து' என்பார்கள். அங்கே 'வொசே' என்று அழைப்பது சில இடங்களில் மரியாதைக் குறைவாகக்கூடப் படும். நீ, நீங்கள் என்ற பிரிவோடு வளர்ந்த நமக்கு இந்த நுட்பம் சட்டென்று புரிந்துவிடும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? காரணம்தான் முடிவு செய்ய வேண்டும். வாடிக்கையாளர் சேவை, மென்பொருள் உள்ளூர்மயமாக்கல், வர்த்தகம் என்றால் பிரேசில் வழக்கு. ஐரோப்பாவில் மேல்படிப்பு, ஆப்பிரிக்க நாடுகளில் வேலை, பழைய ஆவணங்களில் ஆராய்ச்சி என்றால் ஐரோப்பிய வழக்கு. ஒன்றை உறுதியாகக் கற்றவர் இன்னொன்றைப் பின்னால் பழகிக்கொள்ளலாம். தொடக்கத்திலேயே இரண்டையும் கலந்து படிப்பவர்களுக்குக் காதும் நாக்கும் குழம்பும். வகுப்பில் சேரும்போதே ஆசிரியர் எந்த வழக்கைக் கற்பிக்கிறார், பாடப்புத்தகம் எங்கே அச்சானது என்று கேட்டுவிடுங்கள்.

தமிழ்க் காதுக்கு எது எளிது, எது கடினம்?

போர்த்துகீசியம் கற்கும் ஆங்கிலேயர்களை அதிகம் தடுக்கி விழவைப்பது மூக்கொலி உயிர்கள். தமிழருக்கு அவை பிறந்ததிலிருந்தே வாயில் இருக்கின்றன. 'மரம்' என்று எழுதுகிறோம். பேச்சில் அதைச் சொல்லும்போது உதடு மூடுவதில்லை. கடைசி உயிரொலி மூக்கு வழியாகப் போய் நின்றுவிடுகிறது. 'வந்தான்' என்பதைப் பேச்சுவேகத்தில் சொல்லிப் பாருங்கள், நாக்கு நுனி மேலே ஒட்டாது. போர்த்துகீசியத்தில் 'நல்ல' என்பதற்கான 'போம்', 'ஆம்' என்பதற்கான 'சிம்' ஆகியவற்றின் முடிவில் எழுதப்படும் மகர ஒற்றும் இதே வேலையைத்தான் செய்கிறது. எழுத்தில் இருக்கும், உதட்டில் இருக்காது. 'மரம்', 'பணம்' என்று பேசுவதைப் போலவே சொல்லச் சொன்னால் ஒரு தமிழ் மாணவர் முதல் வகுப்பிலேயே இதைச் சரியாகச் சொல்லிவிடுவார். ஆங்கில வழியில் எழுதப்பட்ட பாடப்புத்தகம் இதற்கு இரண்டு பக்கம் செலவழிக்கும்.

இன்னும் சில இடங்களில் தமிழ் கைகொடுக்கிறது:

1. வினைமுற்றே ஆளைக் காட்டும். 'ஃபாலு' என்றால் பேசுகிறேன், 'ஃபாலாமுஸ்' என்றால் பேசுகிறோம். நான், நாம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

2. 'இருத்தல்' இரண்டு வகை. 'நான் ஆசிரியர்' என்பதற்கு 'சேர்' என்ற வினை, 'நான் களைப்பாக இருக்கிறேன்' என்பதற்கு 'எஸ்தார்' என்ற வினை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வினை என்பதால் ஆங்கில வழியில் யோசிப்பவர் திணறுவார். தமிழில் முதல் வாக்கியத்தில் 'இரு' வருவதில்லை, இரண்டாவதில் வருகிறது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதி தூரம் கடந்தாயிற்று. கட்டடம் எங்கே இருக்கிறது என்பது போன்ற விதிவிலக்குகளைத் தனியாகக் கற்க வேண்டும்.

3. எச்சத்துக்குத் தனி எழுவாய். 'நாம் போக வண்டி வந்தது' என்ற வாக்கியத்தில் 'போக' என்பதற்கு 'நாம்' எழுவாய், 'வந்தது' என்பதற்கு 'வண்டி' எழுவாய். போர்த்துகீசியத்திலும் இப்படி எழுவாய் ஏற்கும் எச்சவினை உண்டு. ஸ்பானிஷிலோ பிரெஞ்சிலோ இதற்கு விகுதி கிடையாது. இலக்கண நூல்கள் இதைப் பெரிய விந்தையாக எழுதும். நமக்கு இது சாதாரணம்.

4. 'நான் போனால்' என்று வரப்போவதைப் பற்றிச் சொல்லும்போது வினையின் வடிவமே மாறுவதும் அப்படித்தான். அதற்கென்று ஒரு தனி வினைவடிவம் அங்கே இன்றும் அன்றாடப் பேச்சில் உயிரோடு இருக்கிறது.

கடினமானவற்றையும் மறைக்கக் கூடாது. பால் வேறுபாடு நமக்கு மிகவும் கஷ்டம். உயிரற்ற பொருளுக்கெல்லாம் அஃறிணை என்று ஒரே தட்டில் வைத்துப் பழகியவர்களுக்கு, மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்பது மனப்பாடம் செய்தே தீர வேண்டிய விஷயம். அடைமொழியும் அதற்கேற்ப மாறும் என்பதால் ஒரு தவறு வாக்கியம் முழுக்கப் பரவும். ஒலியில், சகரத்துக்கும் அதன் அதிரும் இணையான, 'ஜூ' என்ற ஆங்கிலச் சொல்லின் தொடக்கத்தில் வரும் ஒலிக்கும் உள்ள வேறுபாடு முக்கியம். வீடு என்ற சொல்லும் வேட்டை என்ற சொல்லும் இந்த ஒரே ஒலியால்தான் வேறுபடுகின்றன. தமிழ் எழுத்தில் இரண்டுமே 'காஸா'தான். ஆகவே தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதிவைத்துப் படிக்கும் பழக்கத்தை முதல் மாதத்தோடு விட்டுவிடுவது நல்லது. இந்தக் கட்டுரையில் வரும் தமிழ் எழுத்துக் குறிப்புகளையும் தோராயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ர, ற வேறுபாடு அங்கேயும் உண்டு. இரண்டு உயிரொலிகளுக்கு நடுவில் வரும் ஒற்றை ரகரம் நம் ரகரம்தான். இரட்டை ரகரமும் சொல்லின் முதலில் வரும் ரகரமும் லிஸ்பனில் தொண்டையிலிருந்தும், ரியோவில் ஏறக்குறைய 'ஹ' போலவும் வரும்.

எத்தனை மணி நேரம் ஆகும்?

'மூன்று மாதத்தில் சரளம்' என்ற வாக்குறுதியைக் கணக்குப் போட்டே சோதிக்கலாம். ஐரோப்பிய அளவுகோலில் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகள். ஏ2 என்றால் கடை, பேருந்து, அறிமுகப் பேச்சு ஆகியவற்றைச் சமாளிக்கலாம். பி1 என்றால் பழக்கமான விஷயங்களைப் பற்றித் தொடர்ந்து பேசலாம். அந்த மொழி வழியாகப் பல்கலைக்கழகத்தில் படிக்கப் பொதுவாக பி2 எதிர்பார்க்கப்படுகிறது.

அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசுபவர்கள் அலுவல் அளவுக்குப் போர்த்துகீசியம் கற்க சுமார் 600 முதல் 700 வகுப்பு மணி நேரம் ஆகும் என்று வகைப்படுத்துகிறது. இப்போது ஒரு கல்லூரியின் மொழிப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். வாரம் 4 மணி நேரம், செமஸ்டருக்கு 15 வாரம் என்று வைத்தால் 60 மணி நேரம். நான்கு செமஸ்டர் முடித்தால் 240. பாதியைக்கூடத் தொடவில்லை. மீதியை மாணவரே கேட்டும் படித்தும் பேசியும் ஈடுகட்ட வேண்டும். மூன்று மாதப் படிப்பில் தினம் ஒரு மணி நேரம் என்றாலும் 90-ஐத் தாண்டாது. அது ஏ1. அதற்கு மேல் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

அளந்து சொல்லும் தேர்வுகளில் முக்கியமானவை இரண்டு. லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் 'காப்ளே' மையம் நடத்தும் தேர்வுகள் ஒவ்வொரு படிக்கும் தனித்தனி. ஏ2-க்கு 'சிப்ளே', பி1-க்கு 'தேப்ளே', பி2-க்கு 'திப்ளே' என்று பெயர். எந்தப் படிக்கு எழுதுகிறோம் என்று நாமே தேர்ந்தெடுத்து எழுதி, தேறுகிறோம் அல்லது தவறுகிறோம். பிரேசிலின் 'செல்பி ப்ராஸ்' வேறு மாதிரி. எல்லோருக்கும் ஒரே தேர்வு. கிடைக்கும் மதிப்பெண்ணைப் பொறுத்து நான்கு நிலைகளில் ஒன்று வழங்கப்படும். இலக்கணக் கேள்வி ஒன்றுகூடக் கிடையாது. ஒரு காணொளியைப் பார்த்து, ஓர் ஒலிப்பதிவைக் கேட்டு, கட்டுரைகளைப் படித்து, அதிலிருந்து கடிதமோ அறிக்கையோ எழுத வேண்டும். அதற்கு 3 மணி நேரம். பிறகு 20 நிமிடம் நேர்முகப் பேச்சு. இலக்கண விதிகளை உருப்போட்டுத் தேறும் நம் பழக்கம் இந்தத் தேர்வில் செல்லாது.

மொழியையே பட்டமாகப் படித்தால்

இந்தியாவில் போர்த்துகீசியத்துக்கு நிலையான பல்கலைக்கழக இடம் கோவா. 1961 டிசம்பர் 19 வரை போர்ச்சுகலின் ஆட்சியில் இருந்த பகுதி என்பதால் அங்கே மொழிக்குத் தொடர்ச்சி உண்டு. கோவா பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டமாகவே படிக்கலாம். டெல்லி பல்கலைக்கழகத்தின் ஜெர்மானிய, ரோமானிய மொழிகள் துறையிலும் போர்த்துகீசியம் கற்பிக்கப்படுகிறது. போர்ச்சுகல் அரசின் கமோயிஸ் நிறுவனம் டெல்லியில் மொழி மையம் வைத்திருக்கிறது. சென்னையிலிருந்து புறப்படும் ஒருவருக்கு இதன் பொருள், இளநிலையை இங்கேயே ஏதாவது ஒரு பாடத்தில் முடித்துக்கொண்டு, மொழியைப் பக்கத்தில் வளர்த்து, முதுநிலையில் அந்தப் பக்கம் திரும்புவதுதான் இயல்பான பாதை. ஒரே நேரத்தில் இரண்டு படிப்புகளைப் படிக்க யுஜிசி 2022-இல் வழிவிட்டது இதற்கு உதவும். வகுப்பு நேரங்கள் மோதாமல் இருக்க வேண்டும்.

வெளிநாடு என்றால் பட்டங்களின் பெயரில் ஒரு பொறி இருக்கிறது. போர்ச்சுகலில் 'லிசென்சியாத்தூரா' என்பது பொதுவான இளநிலைப் பட்டம், 3 ஆண்டு. பிரேசிலில் அதே பெயர் ஆசிரியர் பயிற்சியோடு கூடிய பட்டத்தைக் குறிக்கும். பள்ளியில் கற்பிக்கும் தகுதி தருவது அது. அந்தப் பயிற்சி இல்லாத பட்டத்துக்கு அங்கே 'பச்சரெலாதோ' என்று பெயர். மொழி, இலக்கியப் படிப்புக்குப் பிரேசிலில் 'லெத்ரஸ்' என்பார்கள். பெயரை மட்டும் பார்த்து, நம் ஊர் பி.ஏ., பி.எட். எதற்கு எது சமம் என்று ஊகிக்கக் கூடாது.

பிரேசிலின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பட்டப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. 1988 அரசியலமைப்பே அப்படிச் சொல்கிறது. ஆனால் தங்குமிடம், சாப்பாடு, விமானச் செலவு எல்லாம் நம்முடையவை. போர்ச்சுகலில் கட்டணம் உண்டு. 1290-இல் தொடங்கிய கோயிம்ப்ரா, பிறகு லிஸ்பன் ஆகிய இரு பல்கலைக்கழகங்களும் வெளிநாட்டவருக்கென்று மொழி, பண்பாட்டுப் படிப்புகளைத் தனியாக நடத்துகின்றன. நேராகப் பட்டத்தில் குதிப்பதைவிட, முதலில் அங்கே ஒரு பருவம் படித்துப் பார்ப்பது எனக்குச் சரியான வழியாகப் படுகிறது.

காகித வேலையில் மறக்கக் கூடாதவை:

1. பட்டச் சான்று, மதிப்பெண் பட்டியல், பிறப்புச் சான்று ஆகியவற்றுக்கு 'அப்போஸ்டில்' முத்திரை, அதாவது ஆவணம் உண்மையானது என்று வெளிநாடுகளும் ஏற்கும் அரசுச் சான்று. இந்தியா, போர்ச்சுகல், பிரேசில் மூன்றுமே அதற்கான பன்னாட்டு ஒப்பந்தத்தில் இருக்கின்றன.

2. பிரேசிலுக்கு என்றால் பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்த மொழிபெயர்ப்பு. நாமே மொழிபெயர்த்துக் கொடுத்தால் செல்லாது.

3. திரும்பி வந்து இங்கே வேலைக்கோ மேல்படிப்புக்கோ போக, வெளிநாட்டுப் பட்டத்துக்கு இணைச் சான்று. போகும் முன்பே அந்தப் பட்டம் இங்கே ஏற்கப்படுமா என்று பார்த்துவிட வேண்டும்.

வேலை கிடைக்குமா?

நேரான பதில்: போர்த்துகீசியம் மட்டும் தெரிந்தவருக்குச் சென்னையில் வாய்ப்பு குறைவு. இன்னொரு தொழிலோடு போர்த்துகீசியமும் தெரிந்தவருக்கு, போட்டி மிகக் குறைந்த ஓர் இடம் இருக்கிறது. எளிய மொழிபெயர்ப்பை இப்போது இயந்திரமே செய்துவிடுகிறது. ஒப்பந்தத்தில் ஒரு சொல் தப்பானால் என்ன ஆகும் என்று தெரிந்தவர், துறையும் மொழியும் சேர்ந்து தெரிந்தவர்தான் தேவைப்படுகிறார்.

நம் சமையலறையிலிருந்தே உதாரணம் சொல்லலாம். துவரை விளைச்சல் போதாதபோது இந்தியா வாங்கும் நாடுகளில் மொசாம்பிக் முக்கியமானது. 2016-இல் இரு அரசுகளும் இதற்கென்றே ஒப்பந்தம் செய்துகொண்டன. நம் சாம்பாரில் வேகும் பருப்பின் ஒரு பங்கு, போர்த்துகீசியத்தில் எழுதிய ஏற்றுமதி ஆவணங்களோடு கப்பலேறி வந்தது. முந்திரியும் அப்படியே. கினி பிசாவ் நாட்டின் ஏற்றுமதியில் பெரும்பகுதி கொட்டை முந்திரிதான், அதை அதிகம் வாங்கிய நாடுகளில் இந்தியா முன்வரிசை. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தொழிலில் இருக்கும் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் போர்த்துகீசியம் கற்றால், இடைத்தரகர் இல்லாமல் பேசக்கூடிய ஒருவர் அந்தத் தொழிலுக்குக் கிடைக்கிறார். இத்தனைக்கும் முந்திரியே பிரேசிலிலிருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்த மரம்.

பெரிய முதலீடு என்றால் மொசாம்பிக்கின் ரோவுமா எரிவாயுத் திட்டம். அதில் இந்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் சேர்ந்து 30 சதவீதம் வைத்திருக்கின்றன. ஆனால் 2021-இல் அந்தப் பகுதியில் நடந்த ஆயுதத் தாக்குதலால் வேலைகள் நிறுத்தப்பட்டன. ஒரே திட்டத்தை நம்பி ஒரு மொழியைப் படிக்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

வரலாறு படிப்பவருக்கு

இதுவரை சொன்ன காரணங்கள் எந்த ஊர் மாணவருக்கும் பொருந்தும். தமிழருக்கு மட்டுமே பொருந்தும் காரணம் ஒன்று உண்டு. என் கணக்கில் எல்லாவற்றையும்விடப் பலமானது அதுதான்.

16, 17-ஆம் நூற்றாண்டுகளின் தமிழ்க் கடற்கரையைப் பற்றிய எழுத்துச் சான்றுகளில் முக்கியமான ஒரு பங்கு போர்த்துகீசியத்தில் இருக்கிறது. மயிலாப்பூரை ஒட்டி 1520-களில் அவர்கள் குடியேறினார்கள். புனித தோமா என்று பொருள்படும் 'சாவ் தோமே' என்ற பெயர் நம் வாயில் சாந்தோம் ஆனது. 1606-இல் அது மறைமாவட்டம் ஆனது, 1662-இல் கோல்கொண்டா வசம் போனது. காட்டுக் கோயில் என்று ஊரார் சொல்லும் தேவாலயத்தால் பெயர் பெற்ற லஸ் முனையில் தினமும் பேருந்து ஏறுகிறோம். 'லுஸ்' என்றால் ஒளி.

முதலில் சொன்ன சாவிக்கு இப்போது வருவோம். சாவி, ஜன்னல், மேசை, அலமாரி, பீப்பாய், அன்னாசி, கொய்யா, பொத்தான், ஏலம், மேஸ்திரி எல்லாம் அங்கிருந்து வந்தவை. இலங்கைத் தமிழில் ரொட்டிக்குப் பெயர் பாண், ஷூவுக்குப் பெயர் சப்பாத்து. இவற்றை வெறும் பட்டியலாகப் பார்த்துவிட்டுப் போகக் கூடாது. 'போத்தாவ்', 'பாவ்' என்று மூக்கொலியோடு முடிந்த சொற்கள் தமிழில் பொத்தான், பாண் என்று னகர ணகரம் பெற்றன. 'லெய்லாவ்' ஏலம் ஆனபோது மகரம் பெற்றது. கேட்டவர்களின் காது அந்த மூக்கொலியைத் தவறவிடவில்லை. எதிர்த்திசையிலும் சொற்கள் போயின. நம் கறி அங்கே 'கரில்' ஆயிற்று. கோழி சூப்புக்குப் போர்ச்சுகலிலும் பிரேசிலிலும் 'கஞ்ஜா' என்கிறார்கள். அது நம் கஞ்சி.

தமிழ் அச்சின் தொடக்கமும் இந்த மொழியோடு சேர்ந்தே நடந்தது. 1554-இல் லிஸ்பனில் ஒரு ஜெபப் புத்தகம் அச்சானது. தமிழ் வாசகங்கள் ரோமன் எழுத்தில், அவற்றோடு போர்த்துகீசியப் பொருளும். அதை உருவாக்கியவர்களாக அதில் பெயர் காணப்படும் மூவரும் தமிழர்கள். 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சான தம்பிரான் வணக்கம், ஒரு போர்த்துகீசிய நூலின் தமிழாக்கம். அதைச் செய்த அன்றீக்கே அடிகளார் என்ற போர்த்துகீசியப் பாதிரியார், அதற்கு முப்பது ஆண்டு முன்பே, தமிழுக்குப் போர்த்துகீசியத்தில் ஓர் இலக்கணம் எழுதினார். முத்துக்குளித்துறை மக்கள் அன்று பேசிய தமிழ் அதில் பதிவாகியிருக்கிறது. நம் இலக்கண நூல்கள் செந்தமிழைத்தான் சொல்லும். தெருவில் பேசிய தமிழ் எப்படி இருந்தது என்று அறிய இப்படிப்பட்ட நூல்கள்தான் வழி. அந்தக் கையெழுத்துப் பிரதியின் ஆங்கில மொழிபெயர்ப்பும் ஆய்வும் 2013-இல்தான் வந்தன. அதைச் செய்த இருவரில் ஒருவர் தமிழறிஞர் வி. எஸ். ராஜம்.

அன்தாவ் தெ ப்ரொயென்சா என்ற பாதிரியார் தொகுத்த தமிழ் போர்த்துகீசிய அகராதி, அவர் இறந்த பிறகு 1679-இல் கேரளத்து அம்பழக்காட்டில் அச்சானது. அதன் பிரதி ஒன்றை வத்திக்கான் நூலகத்தில் கண்டு, 1966-இல் கோலாலம்பூரிலிருந்து மறுபதிப்பாக வெளியிட்டவர் தமிழறிஞர் தனிநாயகம் அடிகள். அவருக்குப் போர்த்துகீசியம் தெரியும்.

இந்த வேலை செய்ய விரும்பும் மாணவருக்கு நான் சொல்லும் வரிசை இது:

1. சென்னையில் வரலாறோ தமிழோ இளநிலையாகப் படித்துக்கொண்டே பி1 வரை ஐரோப்பிய வழக்கைக் கற்பது.

2. முதுநிலையில் கோவா. பணஜியில் இருக்கும் ஆவணக் காப்பகத்தில் கையெழுத்துப் பிரதிகளைத் தொட்டுப் பார்க்கும் தூரத்தில் மொழி கற்கலாம்.

3. பழைய கையெழுத்து வாசிப்பைத் தனிப் பாடமாகக் கற்பது. இன்றைய போர்த்துகீசியம் நன்றாகத் தெரிந்தவருக்கும் 1600-இன் கடிதம் முதலில் ஒரு வரிகூட ஓடாது. சொற்களைச் சுருக்கி, தலையில் ஒரு வளைகோடு போட்டு எழுதியிருப்பார்கள்.

4. அதற்குப் பிறகுதான் லிஸ்பன். தோரே தோ தோம்போ என்ற தேசிய ஆவணக் காப்பகமும், கடல்கடந்த ஆட்சிப் பகுதிகளுக்கான காப்பகமும் அங்கே இருக்கின்றன.

அந்தக் காகிதங்களில் ஊர்ப்பெயர்கள் இப்படி இருக்கும்: மெலியாபோர், பலியகாத்தெ, நெகபத்தாவ், தூத்துக்கொரிம், புனிக்காலெ. மயிலாப்பூர், பழவேற்காடு, நாகப்பட்டினம், தூத்துக்குடி, புன்னைக்காயல் என்று நாம் உடனே படித்துவிடுவோம். 'நாயிக்கெ' என்றால் நாயக்கர். 'பட்டங்கத்திம்' என்று ஒரு சொல் அடிக்கடி வரும். லிஸ்பன் மாணவர் அதற்கு அகராதியைப் புரட்ட வேண்டும், அகராதியிலும் 'ஊர்த்தலைவர்' என்பதற்கு மேல் அதிகம் கிடைக்காது. கடற்கரையில் வளர்ந்த தமிழ் மாணவருக்கு அது பட்டங்கட்டி. அந்தப் பட்டம் எந்தச் சாதியில், எந்த ஊர்களில், யாருக்குக் கட்டப்பட்டது என்று கேட்க அவருக்கு வீட்டிலேயே பெரியவர்கள் இருப்பார்கள்.